நாணல்நாட்டில் காட்டுப்பூனைகள் பெருகிய வரலாறு

நாணல்நாடு என்றொரு நாடு. அதில் ஒரு பாதி மதில் சூழ்ந்த நகரம். மறு பாதி நாணல் அடர்ந்த சேற்றுநிலம். நகரத்து மாடங்களில் வளர்ப்புப் பூனைகள் வாழ்ந்தன. நாணலுக்குள் காட்டுப்பூனைகள் வாழ்ந்தன. ஆட்சி எங்கே இருந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

செம்பி என்னும் காட்டுப்பூனைக்கு எஞ்சியிருந்தது ஒரே குட்டி. மூத்தது, நகரத்துப் பூனைகள் கொண்டுவந்த காய்ச்சலில் போய்விட்டது. வயிறு முட்டப் பால் குடித்த அப்பூனைகள் மாலைதோறும் உலா வந்து, பொழுதுபோக்காக எலிகளைக் கொன்று போட்டுவிட்டுச் சென்றன. ஆகவே, வனநல அமைச்சர் மிருதுபாதரிடம் செம்பி முறையிட்டாள். அவரும் வளர்ப்புப் பூனையே. பட்டுத் திண்டில் படுத்தபடியே வனத்தைக் காத்தவர்.

"ஐயா, பொழுது சாஞ்சதும் உங்க ஆளுங்க வீட்டோட இருந்தாப் போதும். வேற ஒண்ணும் கேக்கலை."

"வீட்டோடா? உலவுதல் எம் குலத்தின் பிறப்புரிமை அம்மா. ஆயினும் கலங்காதே. உங்களைக் காப்பது அரசின் தலையாய கடமை."

மறுநாளே சட்டம் வந்தது: பாதுகாப்புக் கருதி, காட்டுப்பூனைகள் மாலையில் வெளியே வரலாகாது. எலிகள் வெளியே வருவதோ மாலையில்தான். செம்பிக்குப் பால் வற்றியது.

அவள் மீண்டும் முறையிடவே, கணக்கெடுப்புக்கு ஆணை பிறந்தது. சேற்றில் கால்வைக்கக் கூசிய அதிகாரிகள், மாலையில் மதில்மேல் அமர்ந்து, நாணலுக்குள் அசைந்த வால்களை எண்ணினர். காட்டுப்பூனைகளோ அவ்வேளையில் சட்டத்துக்குப் பணிந்து புதருக்குள் முடங்கிக் கிடந்தன. எண்ணப்பட்டவை அத்தனையும் உலா வந்த நகரத்து வால்கள். காட்டுப்பூனைகள் பல்கிப் பெருகிவிட்டன என்று முரசறைந்தார்கள். அவற்றுக்கு விருந்தும் அறிவித்தார்கள்.

குட்டிக்கு ஒரு வாய் மீனாவது கிடைக்குமே என்று செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு போனாள். வாயிலில் காவலுக்கு நின்ற சாம்பல்நிறக் கடுவன் மறித்தான்.

"எங்க போற? இது காட்டுப்பூனைங்களுக்கு வச்ச விருந்து."

அவள் குட்டியை இறக்கி வைத்தாள். "நானே காட்டுப்பூனைதாம்ப்பா."

"ஆளைப் பாரு. காட்டுப்பூனையெல்லாம் உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. எண்ணி உக்கார வச்சாச்சு, ஒண்ணும் குறையலை."

உள்ளே கழுத்துப்பட்டைகள் பளபளத்தன. "நாணலின் மைந்தர்களே" என்று மிருதுபாதர் தழுதழுத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் காட்டுப்பூனை இல்லையா?"

"இல்லைங்கறேன்ல. அரசாங்கமே சொல்லியாச்சு. போ, போ."

செம்பி குட்டியைக் கவ்வித் திரும்பினாள். மாலை இறங்கியிருந்தது. நாணலுக்குள் எலி ஓடும் சரசரப்பு கேட்டது. மாலையில் வெளியே வரலாகாது என்ற சட்டம் காட்டுப்பூனைகளுக்கு உரியது. குட்டியை மெல்லத் தரையில் விட்டாள், பாய்ந்தாள்.