பெட்டியை மூட விடாத ஹோஸ்டிங்

மூன்று மணிக்குப் பாதிரியார் செபத்தை ஆரம்பித்தார். மூன்று ஐந்துக்கு டெல்பினின் வலைத்தளம் செத்துப்போனது.

"ஒண்ணுமே தெரியலையாம்," என்றார் ரூபென், போனைக் காதிலிருந்து எடுக்காமல். "வெறும் வெள்ளையா இருக்காம். தங்கச்சி லின்டா அழறா."

சடங்கு நிலையக் கூடத்தில் இருந்த நாற்பது பேரும் திரும்பி டெல்பினைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் படுத்திருந்த தியோடுலோ ஒருவர்தான் பார்க்கவில்லை.

மியாகாவ் ஊரில் பாதிப் பேர் கப்பலில் இருக்கிறார்கள். மீதிப் பாதி வளைகுடாவில் அடுத்தவர் துணி துவைக்கிறார்கள். ஊரில் மிஞ்சியிருப்பது சாகப்போகிறவர்களும் அவர்களைப் புதைக்கிற சோலிதாத் அம்மாளும்தான். அந்த அம்மாளின் இறுதிச் சடங்கு நிலையத்தில் பதினோரு வருடமாகப் பிண வண்டி ஓட்டுபவன் டெல்பின். இளவயதில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன பாவத்துக்காக, நிலையத்தின் வலைத்தளத்தையும் அவன் தலையில் கட்டியிருந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடைசியாக முகம் பார்க்கட்டும் என்று பெட்டிக்கு மேல் ஒரு கேமரா வைத்து, அதை அந்தத் தளத்தில் நேரலையாக ஓட்டுவது அவன் வேலை. முன்பு சமூக வலைத்தளத்தில்தான் போட்டார்கள். ஒரு சாவுக்கு எவனோ சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட, சொந்தக்காரர்கள் தட்டு டம்ளரை எல்லாம் வீசி அடித்துக்கொண்டார்கள். அதோடு நின்றது.

தியோடுலோ முப்பது வருடம் சந்தையில் தராசு சோதிக்கிற அதிகாரியாக இருந்தவர். ஒரு காக்காய் குஞ்சுக்கும் அவரைப் பிடிக்காது. மகன் ரூபென் கூடவே இருந்தார், கடமைக்கு. மகள் லின்டாவுக்கு மட்டும் அப்பா என்றால் உயிர். அவள் வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இருந்தாள். அந்த ஊரில் வீடியோ கால் தடை.

ரூபென் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அவ ஸ்கிரீன்ல அப்பா முகத்தைப் பாக்கட்டும். பாத்தாச்சுன்னு சொன்ன அடுத்த நிமிஷம் பெட்டியை மூடிடணும். லீவு கிடைக்கும், வருவான்னு என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது."

மூன்று வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மா செத்தபோதும் ரூபென் காத்திருக்கவில்லை. அன்று வண்டி ஓட்டியதும் டெல்பின்தான். அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்து லின்டா எங்கிருந்தோ அவன் நம்பரைத் தேடிப் பிடித்து அண்ணன் முறை வைத்துக் கேட்டாள், "மனோங், அம்மாவுக்கு என்ன கலர் உடுப்பு போட்டிருந்தாங்க?" டெல்பினுக்கு ஞாபகம் இல்லை. நீலம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்தப் பொய் அவன் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதனால் இந்த முறை, "இந்தாய், தங்கச்சி, உங்கப்பா முகத்தை உனக்குக் காட்டாம பெட்டியை மூட விடமாட்டேன்," என்று அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தான். இப்போது தளம் வெள்ளையாகக் கிடந்தது.

"என்னாச்சு தோதோ, என்னாச்சு தம்பி?" என்றார் சோலிதாத் அம்மாள் மெதுவாக. எங்கள் ஊர்ப் பக்கத்தில் கோபமாகத் திட்டினாலும் தாலாட்டு மாதிரிதான் கேட்கும். அதிலும் இது ரொம்ப மெதுவாக இருந்ததால் கோபம் அதிகம் என்று டெல்பினுக்குப் புரிந்தது.

"கூட்டம் தாங்கலை மனாங்," என்றான் டெல்பின், அக்கா முறை வைத்து. "அஞ்சு நிமிஷத்துல அறுநூத்திப் பதினோரு தடவை யாரோ திறந்திருக்காங்க."

"அறுநூறா?" ரூபென் போனைக் கீழே இறக்கினார். "எங்கப்பாவைப் பாக்கவா?"

டெல்பின் பின்கட்டுக்குப் போய், செபு நகரத்தில் இருந்த ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"சார், நீங்க எடுத்திருக்கிறது ஷேர்டு ஹோஸ்டிங்," என்றான் அங்கிருந்தவன். "ஒரே மெஷின்ல முன்னூறு சைட்டு இருக்கும். ஒருத்தருக்குக் கூட்டம் வந்தா எல்லாருக்கும் மூச்சு முட்டும்."

"பொதுக் கல்லறை அடுக்கு மாதிரியா?"

"என்ன சார்?"

"ஒரே சுவரு. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர்."

"அப்படியும் சொல்லலாம் சார். நீங்க விபிஎஸ்ஸுக்கு மாறிடுங்க. மெஷின் பொதுதான், ஆனா உங்களுக்குன்னு தடுப்பு வச்சு இடம் ஒதுக்கிடுவோம். உள்ள பராமரிப்பு மட்டும் நீங்க பாத்துக்கணும்."

வேலி போட்ட இடம், புல்லை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். டெல்பினுக்கு நன்றாகப் புரிந்தது. மாற்றிவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னான்.

"புது இடத்தோட விலாசம் உலகம் பூரா பரவணும் மனாங். ரெண்டு நாள் ஆகும்."

"சாவுச் செய்தி இந்த ஊர்ல பத்து நிமிஷத்துல பரவுது. உன் விலாசத்துக்கு ரெண்டு நாளா?"

அடக்கம் தள்ளிப்போனது. உடலைப் பதப்படுத்துகிறவர் வந்து இன்னொரு ஊசி போட்டுவிட்டு, "சீக்கிரம் முடிங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

தியோடுலோ செத்த ஆறாம் நாள் மறுபடி மூன்று மணிக்குப் பாதிரியார், மெழுகுவத்தி, கேமரா எல்லாம் தயாராக இருந்தது. எண்ணிக்கை ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து நானூறு என்று ஏறியது. டெல்பின் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ஆயிரத்து ஐந்நூற்றில் தளம் மண்டையைப் போட்டது. அதைத் தூக்கி நிறுத்த உள்ளே போனவன் பதற்றத்தில் கடவுச்சொல்லை ஆறு முறை தப்பாக அடித்து, தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டான்.

"அண்ணா, ஒண்ணும் தெரியலை," என்று லின்டாவின் குரல் ரூபெனின் போனில் கரகரத்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பாவைப் போட்டோ எடுத்து அனுப்பிடறேன், பாத்துக்க."

"அம்மாவுக்கும் முகத்தை மட்டும் போட்டோ எடுத்துத்தானே அனுப்பின."

துக்க வீட்டு வழக்கப்படி மூலையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

இதற்குள் எண்ணிக்கை ஊருக்குள் கசிந்துவிட்டது. ஆயிரத்து ஐந்நூறு. தராசு தியோடுலோவுக்கா? மீன்காரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த மனுஷனுக்கு வெளிநாடு பூரா ஆள் இருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். மறுநாள் காலை சந்தையே திரண்டு வந்தது. முப்பது வருடம் அவரிடம் திட்டு வாங்கிய கறிக்கடைக்காரர் பெட்டி ஓரம் நின்று, "கறார் பேர்வழி, ஆனா ஒரு நாள் கையூட்டு வாங்கலை," என்று மூக்கைச் சிந்தினார். ரூபென் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் கண் கலங்கியதை டெல்பின் அன்றைக்குத்தான் பார்த்தான்.

வருகிறவர்கள் எல்லோரும் வேர்க்கடலை தின்றார்கள். பிணம் வாசல் தாண்டுகிற வரை துக்கம் நடக்கிற இடத்தைப் பெருக்கக் கூடாது என்பது வழக்கம். ஒன்பதாம் நாள் கடலைத் தோல் கணுக்காலுக்கு வந்திருந்தது. சோலிதாத் அம்மாள் அதன் மேல் நறநறவென்று நடந்து வந்தார்.

"தோதோ, இந்த வாட்டி அந்தப் பொண்ணு அவ அப்பன் முகத்தைப் பாக்கலைன்னா, நீ வண்டியும் ஓட்ட வேணாம், கம்ப்யூட்டரும் தொட வேணாம். ரெண்டு சாவியையும் மேஜை மேல வச்சுட்டுக் கிளம்பிடு."

டெல்பின் செபுவுக்குப் போன் போட்டான்.

"டெடிகேட்டட் எடுத்துக்கோங்க சார். முழு மெஷினும் உங்களுக்குத்தான்."

"குடும்பக் கல்லறை."

"ஆமா சார்," என்றான் அவன். அவனுக்கும் பழகிவிட்டது. "தயார் பண்ண ரெண்டு நாள் ஆகும்."

"கல்லறைக்கும் அதே கணக்குதான்," என்று டெல்பின் போனை வைத்தான்.

பதினோராம் நாள் முழு மெஷின் வந்தது. டெல்பின் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கேமராவுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டான். மூன்று மணி. ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். தளம் நின்றது. மூன்று பத்துக்கும் நின்றது. சோலிதாத் அம்மாளின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. மூன்று பன்னிரண்டுக்கு எண்ணிக்கை ஏழாயிரத்தைத் தொட்டு, படம் உறைந்து, எல்லாம் போனது.

"சுத்தமா தெரியலை," என்றாள் லின்டா. அன்றைக்கு அவள் குரலும் களைத்திருந்தது.

டெல்பின் கடலைத் தோலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் உடுப்பு என்ன நிறம் என்று அவள் கேட்டது காதில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு முகத்தைக் காட்டத் துப்பில்லை, நான் என்ன மனுஷன் என்று தன்னையே நொந்துகொண்டான். சாவி இரண்டையும் எடுத்து மேஜையில் வைக்கப் போனவனை ரூபென்தான் தடுத்தார்.

"இன்னொரு தடவை பாரு."

"மனோங், பதினோரு நாள் ஆச்சு. நீங்கதானே காத்திருக்க முடியாதுன்னீங்க."

"ஏழாயிரம் பேரு எங்கப்பாவைப் பாக்கணும்னு நிக்கறாங்க. நான் அவசரப்பட்டா நல்லாவா இருக்கும்?"

கடைசியாக மிஞ்சியிருந்தது கிளவுட். "எத்தனை பேர் வந்தாலும் தானாப் பெருசாகிக்கும் சார். ஒரு மெஷின்னு கிடையாது, உலகத்துல நாலா பக்கமும் பரவி இருக்கும்," என்றான் செபுக்காரன்.

டெல்பின் பெருமூச்சு விட்டான். "எரிச்சுச் சாம்பலைத் தூவிடற மாதிரி."

"சார், உங்க கம்பெனி பேரை இன்னைக்குத்தான் முழுசா படிச்சேன். ஆழ்ந்த அனுதாபம்."

பதினைந்தாம் நாள் மூன்று மணி. பாதிரியாருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் உதட்டை மட்டும் அசைத்தார். தளம் திறந்தது. படம் கண்ணாடி போல இருந்தது. மெழுகுவத்திச் சுடர் ஆடுவதும், கண்ணாடி மூடிக்கு அடியில் தியோடுலோவின் புருவ முடியும்கூடத் தெரிந்தன. மூன்று பத்து, மூன்று இருபது. தளம் மலை மாதிரி அசையாமல் நின்றது.

எண்ணிக்கை: மூன்று.

அதில் ஒன்று டெல்பின். இன்னொன்று செபுக்காரன், என்னதான் நடக்கிறது என்று பார்க்க வந்தவன். மூன்றாவது யாரென்று தெரியவில்லை.

"மூணா?" என்றார் ரூபென். முகம் சுருங்கிப்போனது. "பதினஞ்சு நாள்ல மறந்துட்டாங்களா?"

"லின்டாவைக் கூப்பிடுங்க மனோங். அவ பாத்தாப் போதும்."

ரூபென் கூப்பிட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டார். நாலு மணி வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டெல்பின் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று முறை விழுந்த தளம் நிமிர்ந்து நிற்கிற நாளில் பார்க்க வேண்டியவள் இல்லை.

"போதும்," என்றார் சோலிதாத் அம்மாள். "தோதோ, மேல் மூடியைப் போடு."

டெல்பின் மூடியின் ஒரு முனையைப் பிடித்தான். அதே நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு திறக்கிற சத்தம், பிறகு கடலைத் தோலின் மேல் யாரோ ஓடி வருகிற சத்தம்.

லின்டா.

சலவைக்கூடச் சீருடையின் மேல் ஒரு ஸ்வெட்டர் மாட்டியிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பெட்டியிடம் போய், கண்ணாடி மேல் கண்ணீர் விழாமல் முகத்தைத் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டு, "அப்பா, வந்துட்டேன்," என்றாள். ரூபென் அவள் பக்கத்தில் போய் நின்றார். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்து, பிறகு வைத்தார். கூடத்தில் அழாதவர்கள் யாரும் இல்லை. சோலிதாத் அம்மாளே புறங்கையால் கண்ணைத் தேய்த்தார்.

டெல்பின் மூடியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். வாசலில் லின்டாவின் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அவளோடு வேலை செய்கிற ரோவெனா. லீவில் ஒரே விமானத்தில் வந்தவள். பெருவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. யாரோ கொடுத்த வேர்க்கடலையை இன்னொரு கையால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாய், அவகிட்ட நேரா கேக்க எனக்கு வாய் வரலை," என்றான் டெல்பின். "மூணு தடவை ஹோஸ்டிங் மாத்தினேன். திரும்பத் திரும்பத் தப்பானதைத் தேர்ந்தெடுத்து அவளை அழ வச்சுட்டேன். மன்னிக்கச் சொல்லு."

ரோவெனா உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தாள். ரூபென் தூரத்தில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"முதல் நாளே அவளுக்கு அப்பா முகம் பளிச்சுன்னுதான் தெரிஞ்சுது மனோங், அவ லீவு லெட்டர்ல கையெழுத்து விழற வரைக்கும் பெட்டியை மூடக் கூடாதேன்னு எங்க ஹாஸ்டல் முன்னூறு பேரும் நைட் ஷிப்ட் தூக்கத்தை விட்டுட்டு உங்க தளத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கித் திறந்து அதை விழ வச்சோம், நீங்க என்னடான்னா ஒவ்வொரு தடவையும் இன்னும் பெருசா ஒண்ணைக் கொண்டாந்து வச்சு எங்க விரலைத் தேய வச்சுட்டீங்க."