முதலாளியின் முயலும் என் சம்பளமும்

கற்பிட்டியில் அரைக்கோப்பை முதலாளிக்குப் பிறகு இன்னொரு கஞ்சன் தலையெடுக்கவே இல்லை. முயன்ற இரண்டொருவரும் அவருடைய கருவாட்டுக் கடையை வந்து பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது என்று தர்மம் செய்யப் போய்விட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் எப்போதும் அரைக் கோப்பைதான் கேட்பார். அதனால் வந்த பெயர். அவரிடம் பதினொரு வருடம் தராசு பிடித்தவன் நான்.

யுத்தம் முடிந்து ஆலங்குடாக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கிய காலம். அங்கே ஹோட்டல் நடத்திக் கைவிட்டுப் போன ஒருவர், போகும்போது ஒரு வெள்ளை முயலை முதலாளிக்குச் சும்மா கொடுத்தார். சும்மா என்றால் முதலாளி சமுத்திரத்தையே வாங்கி வைத்துக்கொள்வார்.

"செலவே இல்லாத சீவன், மகன். புல்லத் திண்டுட்டுக் கெடக்கும்," என்றார் என்னிடம்.

அது புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. நுவரெலியா கரட்தான் வேண்டுமாம். எங்கள் வீட்டுக் கறியில் கரட்டைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. பிறகு அதற்குக் கூடு, கம்பிவலை. கூட்டைவிட்டு வெளியே வந்து டெலிபோன் வயரைக் கடித்தது. புது வயரையும் கடித்தது. கடைசியில் முதலாளி டெலிபோனை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, கதிரையில் ஏறி நின்று வியாபாரம் பேசினார். கருவாட்டு மணம் முயலுக்கு ஒத்துக்கொள்ளாதென்று கடையிலிருந்த ஒரே விசிறியையும் அதன் பக்கம் திருப்பினார். தராசடியில் நான் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "முயல் எட்டு வருசம் உசிரோட ஈக்குமாம். தீனி, கூடு, வயர், மருந்து. கூட்டிப் பாத்தா கடலுக்குப் போற ஒரு வள்ளம் வாங்கலாம்."

"அப்ப ஆருக்காவது குடுத்துடுங்களன், முதலாளி."

"குடுத்தா இதுவரைக்கும் செலவழிச்சது வீண்தானே?"

"என்ட சம்பளத்தக் கூட்டித் தாற எண்டீங்களே?"

"அது இனி முயலுக்குப் பொறகுதான், மகன்."

எனக்கு வயிறு எரிந்தது. எட்டு வருடம் ஒரு முயலின் பின்னால் வரிசையில் நிற்பதா? கரட் செலவு குறைந்தால் சம்பளம் கூடும் என்று ஒரு யோசனை வந்தது. பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் பிடுங்குகிற நேரம். அறுத்துக் குவித்த வெங்காயத் தாளை எங்கள் ஆடுகளுக்குச் சும்மா அள்ளிக்கொண்டு வருவோம். ஆட்டுக்கு ஆகிறது முயலுக்கு ஆகாதா என்று ஒரு கட்டுத் தாளைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் போட்டேன்.

மறுநாள் அது சுருண்டு கிடந்தது. முதலாளி வியாபார நேரத்தில் கடையைப் பூட்டினார். அப்படி ஒரு காட்சியை அதற்குமுன் நான் கண்டதில்லை. ஓட்டோ பிடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, புத்தளம் வரை அதை மடியில் வைத்திருந்தார். பேரமே பேசவில்லை.

"வெங்காயத் தாள் போட்டீங்களா? முயலுக்கு அது நஞ்சு," என்றார் அதன் வாயை முகர்ந்து பார்த்த மிருக வைத்தியர்.

வேலை போனது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். "நான்தான் போட்டன், முதலாளி. செலவு குறையட்டும் எண்டு..."

முதலாளி என்னை உற்றுப் பார்த்தார். "ஒன்ன இத்தின வருசமா வளத்தது நான்தானே. என்ட புத்திதான் ஒனக்கும் ஈக்கிது."

முயல் பிழைத்துக்கொண்டது. திரும்பி வரும் வழியில், வாற மாதத்திலிருந்து சம்பளம் கூடும் என்றார்.

"முயல்ட செலவு?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் வளக்கத்தானே வேணும்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் பொறாமை மட்டும் போகவில்லை. அதைச் சொல்லும்போது அவர் தடவிக்கொடுத்தது முயலின் தலையைத்தான்.