கங்காணியும் கிராணியும் பர்ஸ்ட் அண்ணேயும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே அதிகமான கால்பந்து ஆட்டங்களுக்குப் போனவரும், அவற்றில் ஒரு கோலைக்கூடப் பார்க்காதவரும் ஒரே ஆள்தான். அவர் எங்கள் பர்ஸ்ட் அண்ணே.

கண்ணில் எந்தக் குறையும் கிடையாது. ஜெலாப்பாங்கில் நான் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். உச்சி அடுக்கில் இருக்கும் சந்துக்குள் பெட்டியை ஒரு விரற்கடை பிசகாமல் செருகிவிட்டு, கீழே நிற்பவனிடம் பேச்சை விட்ட இடத்தில் தொடருவார். ஆனால் திடலோரம் வந்து நின்றுவிட்டால் வலது கண் கேமராவுக்குள் போய்விடும், இடது கண் இறுக மூடிக்கொள்ளும். அவர் வைத்திருந்தவை பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள். அவற்றின் உள்ளே ஒரு கண்ணாடி உண்டு. படம் விழுகிற அந்த நொடியில் அது மேலே எழும்பிக்கொள்ள, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே இருட்டு. முக்கியமான எல்லாமே தனக்கு அந்த இருட்டில்தான் நடக்கிறது என்று அண்ணே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா படபடவென்று வரிசையாகப் படம் எடுக்குமே, அதற்குப் பர்ஸ்ட் என்று பெயர். வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் வரும் என்பதால் அதுவே அவர் பெயராகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை 'ஃபர்ஸ்ட்' என்று எடுத்துக்கொண்டு, இவர் எதிலோ முதலாவதாக வந்தவர் போலிருக்கிறது என்று எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். அண்ணே அதைத் திருத்தியதில்லை.

புந்தோங்கில் நானும் அவரும் எங்கள் தொழிற்சாலைக் கால்பந்து அணித் தலைவன் லோகாவும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். கூடத்தில் எங்கள் தொலைக்காட்சிக்கு இடமில்லை. அண்ணேயின் இரண்டு கேமராக்களுக்கு மேசை உண்டு. இரண்டுமே பிறர் கைமாறி வந்தவை. ஒன்று செங்கல் கனம், விநாடிக்கு எட்டுப் படம், காது கிழிகிற சத்தம். தோட்டத்தில் கத்திக் கத்தி வேலை வாங்குகிறவரை நினைத்து அதற்குக் 'கங்காணி' என்று பெயர் வைத்தார். மற்றது வயதில் இளையது, படம் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் விநாடிக்கு மூன்றுதான். குறி பிடிக்க முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். அதன் பெயர் 'கிராணி'. அதே வீட்டில் இருந்த நிஜக் கிராணியான எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். கேட்டதற்கு, "நல்லா எழுதுவான், மெதுவா எழுதுவான். உண்மையத்தானேலா சொன்னேன்" என்றார்.

விளையாட்டை எடுக்க எது உகந்தது? இந்த ஒரு கேள்விக்குத்தான் அவர் வாழ்ந்தார். கங்காணியில் எடுத்தால் ஒரு படத்தில் ஆட்டக்காரன் கால் பின்னால் ஓங்கியிருக்கும், அடுத்ததில் பந்து சட்டத்தை விட்டே போயிருக்கும். கிராணியில் முதல் படத்தில் அவன் ஓடி வருவான், இரண்டாவதில் சட்டையைக் கழற்றிக் கொண்டாடுவான். பொழுது சாய்ந்தால் கங்காணியின் படத்தில் ரவை கொட்டினாற்போல் புள்ளி புள்ளியாக விழும். கிராணியில் புள்ளி இருக்காது, ஆளும் இருக்கமாட்டான்.

இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஒரே காரியம் இரண்டு முறை நடக்க வேண்டும். உலகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை என்பதுதான் அவருடைய தீராத குறை. எங்கள் தெருவில் காலையில் மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரை எதிர்வீட்டு நாய் துரத்தும். அண்ணே வாசலில் கங்காணியோடு காத்திருந்து படம் சுட்டார். பிறகு கிராணியை எடுத்துக்கொண்டு ரொட்டிக்காரரை வழிமறித்தார்.

"இன்னொரு வாட்டி சுத்தி வாங்களேன். இவனுக்கு இன்னும் நாய் சிக்கல."

அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, சுற்றி வந்தார். நாயும் துரத்தியது. கிராணியில் வேலிக்கம்பி மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. மூன்றாம் சுற்றுக்கு நாய் வரவில்லை. படுத்தபடியே அண்ணேயைப் பார்த்தது. அடுத்த நாளிலிருந்து ரொட்டிக்காரர் பக்கத்துத் தெரு வழியாகப் போகத் தொடங்கினார். காலைப் பசியாறலுக்கு நானும் லோகாவும் அங்கே நடந்து போய் ரொட்டி வாங்கினோம்.

உறவுக்காரர் ஒருவர் தெரியாத்தனமாகத் தன் மகள் கல்யாணத்துக்கு இவரைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டார். கல்யாணத்தில் வேகமாக நகர்வது அட்சதை ஒன்றுதான். அரிசி காற்றில் நிற்பது, அரிசி விழுவது, ஒரு பெரியவரின் வழுக்கையில் பட்டு அரிசி தெறிப்பது என்று ஆல்பம் முழுக்க அரிசி. அவ்வளவு அழகான அரிசியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாப்பிள்ளை தாலி கட்டினாரா என்பதற்குத்தான் அதில் ஆதாரம் இல்லை.

நானும் ஆடிய எங்கள் தொழிற்சாலை அணியின் எல்லா ஆட்டத்துக்கும் வருவார். அவருக்கு வேண்டியது ஒரே படம்: பந்து வலையில் புதைய, வலை உப்பி நிற்க, பின்னணியில் கோல்கீப்பரின் முகம். அது மட்டும் அமையவில்லை. காரணம் கங்காணியின் வயிறு சிறியது. கொஞ்ச நேரம் சுட்டதும் ரொம்பிவிடும். பின்பக்கம் சிவப்பு விளக்கு கண்சிமிட்ட, எடுத்ததையெல்லாம் விழுங்கி முடிக்கும்வரை பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. அப்போது அண்ணே தலையைக் குனிந்து விளக்கையே பார்த்தபடி இடது கையைத் தூக்கி மலாயில் "செக்ஜாப், செக்ஜாப்" என்பார், ஆட்டம் அவருக்காகச் சற்றுப் பொறுக்கும் என்பதுபோல். கோல் அந்த இடைவெளியில்தான் விழும். தவறாமல் விழும்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் லோகா. எங்கள் கோல்கள் எல்லாம் சிவப்பு விளக்கு சிமிட்டும்போதுதான் விழுகின்றன என்றான். நாங்கள் சிரித்தோம். பிறகு கவனித்தோம். பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பருவத்தின் பாதியில், கார்னர் அடிக்கப் போகிறவன் முதலில் திடலோரம் திரும்பி அண்ணேயின் கை தூக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பந்தை வைத்தான். எதிரணிக்காரர்கள் எங்களுக்கு ஏதோ ரகசியப் பயிற்சியாளர் இருப்பதாக நம்பினார்கள். அண்ணேயிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஆண்டு தொழிற்சாலைகளுக்கிடையிலான போட்டியில், எங்களுக்கே நம்பமுடியாதபடி, இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் திடல். பால்மரங்கள் போய்ச் சுற்றிலும் செம்பனை நின்றது. அது எங்களுக்குக் கடைசி ஆட்டமும்கூட. தொழிற்சாலையில் எங்கள் பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றுகிறார்கள் என்ற செய்தி அதற்கு முந்தைய வாரம்தான் வந்திருந்தது. போகிறவர்கள் போவார்கள், மற்றவர்கள் வேறு வேலை தேடிக்கொள்வார்கள். அணி அதோடு சரி. லோகா கோப்பை எதையும் தொட்டதில்லை. அண்ணேயும் யாரிடமோ கெஞ்சி நீள லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். சாய்வெயில் கோலுக்கு நேராக விழும் இடத்தைத் தேர்ந்து மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு எடுத்துருவேன் மணியம்" என்று என்னிடம் சொன்னார். அன்று அவர் வழக்கம்போல் கண்டதையும் சுடவில்லை. கங்காணியின் வயிற்றைக் காலியாகவே வைத்திருந்தார். அதனால்தானோ என்னவோ, ஆட்டம் முடியப்போகும் நேரம் வரை கோலே விழவில்லை.

கடைசியில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. லோகா பந்தை எடுக்கப் போகாமல் நேராக அண்ணேயிடம் ஓடினான். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, அத ரொப்பிடுங்க."

"எத?"

லோகா மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சிவப்பு விளக்கு, கோல், நாங்கள் மாதக்கணக்காக அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாம். அண்ணே அவனையே பார்த்தார். நடுவர் விசில் ஊதி எங்களைக் கூப்பிட்டார். சாய்வெயில் அண்ணே காத்திருந்தபடியே வலை முழுக்கப் பொன்னாக விழுந்து கிடந்தது. அப்படி ஒரு வெளிச்சம் இனி எப்போது வருமோ.

"போ. போய் அடி" என்றார்.

திரும்பி உட்கார்ந்து, செம்பனை ஓரம் கட்டியிருந்த ஒரு மாட்டை நோக்கிக் கங்காணியை நீட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். தடதடவென்று அது கத்தி ஓய்ந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கிராணியையும் எடுத்து அந்த மாட்டின் மேலேயே தீர்த்தார். பிறகு எழுந்து நின்று இடது கையைத் தூக்கினார்.

பந்து வந்தது. யார் யாரோ எழும்பினார்கள், யாருக்கும் எட்டவில்லை. என் முழங்காலில் ஏதோ மோதி வலித்தது. நான் விழுந்து எழுந்தபோது பந்து வலைக்குள் கிடந்தது. என் வாழ்க்கையின் ஒரே கோல் அது.

எல்லோரும் என்மேல் குவிந்தார்கள். அந்தக் குவியலின் இடுக்கு வழியாக அண்ணேயைப் பார்த்தேன். இரண்டு கேமராவும் மார்பில் தொங்க, தூக்கிய கையை இறக்க மறந்து, இரண்டு கண்ணையும் விரித்து நின்றுகொண்டிருந்தார். கோப்பை வாங்கி லோகா அழுது முடித்த பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

"வலை அப்படி ஆடுமா மணியம்? பந்து நின்னப்புறமும் ஆடிக்கிட்டே இருக்கு."

வீட்டுக்கு வந்து மாட்டுப் படங்களைப் பார்த்தோம். வாழ்நாளில் அவர் எடுத்தவற்றிலேயே சிறந்த படங்கள் அவைதாம். ஒவ்வொரு ரோமமும் தெரிந்தது. வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நிற்கிற மாட்டுக்குக் கிராணிதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

லோகா வேலையோடு வேறு மாநிலம் போய்விட்டான். நான் ஈப்போவிலேயே வேறு கிராணி வேலை பார்த்துக்கொண்டேன். அண்ணே இப்போது ஜெலாப்பாங்கில் பிள்ளைகளோடு இருக்கிறார். கையடக்கப் பேசியே விநாடிக்கு எத்தனையோ படம் எடுக்கிறது என்று யாராவது சொன்னால், அதில் கண்ணாடி எழும்புகிற சத்தம் வருமா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

கல்யாணத்திலோ சாப்பாட்டுக் கடையிலோ என்னைப் பார்த்துவிட்டால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களிடம் என் கோலைச் சொல்ல ஆரம்பிப்பார். படம் கிடையாது, அவர் சொல்வதுதான் சாட்சி. ஒரு அரைக்கணத்தைப் பிடிக்க வருஷக்கணக்காகக் கேமராக்களோடு மல்லுக்கட்டிய அந்த மனிதர், இதில் மட்டும் தாராளம். அவர் சொல்லும் கோலிலிருந்து முழங்கால் எப்போதோ போய்விட்டது. முதலில் தலையால் அடித்தேன். சில வருஷம் கழித்து இடது காலால் அடித்தேன். போன மாதம் புந்தோங் மண்டபத்தில், என் மனைவியின் தம்பிகள் முன்னால், பாதித் திடலிலிருந்து மூன்று பேரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன். நான் குறுக்கே பேசுவதில்லை. கையில் தே தாரிக் ஆறிப்போக, இந்தத் தடவையும் அது உள்ளே போய்விட வேண்டுமே என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.