ஜன்னல் மூடாத சீட்டு

மதிப்பிற்குரிய கமலநாதன் மாமாவுக்கு,

லோஷினி எழுதுவது. நான் நலம். அத்தை தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூ படங்களிலிருந்து அங்கும் எல்லாரும் நலம் என்று புரிந்துகொள்கிறேன்.

விஷயம், என் கார். குளுவாங்கில் உங்கள் பட்டறையில் விட்டு மூன்று வாரம். போன் செய்தால் "நாளைக்கு லா" என்கிறீர்கள். அதனால் இந்தக் கடிதம். எழுத்தில் பார்த்தாலாவது இரக்கம் வரட்டும்.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் என்னை லைன் லீடர் ஆக்கியது உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் மூடி பேக் செய்யும் பதினொரு பேருக்குத் தலைவி. மூன்று மாதச் சோதனைக் காலம். அதற்குள் இரண்டு பேர் வேறு லைனுக்கு மாற்றம் கேட்டு விண்ணப்பப் பாரம் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு பாரம் போனால் என் பதவி போகும். அந்த மூன்றாவது பாரம், என் லைனில் மூத்தவரான செல்லம் அக்காவின் கைப்பையில் தயாராக இருந்தது.

குழுவோடு மனிதத் தொடர்பை உருவாக்கு என்றார் மேலாளர். உருவாக்கினேன். வட்டமாக நிற்க வைத்து, வாழ்க்கையில் மகிழ்ச்சியான தருணம் எது என்று கேட்டேன். இந்தக் கூட்டம் முடியும் தருணம் என்றார் அய்யாவு அண்ணன். சரி, மனம் தளரக் கூடாதென்று ஆபீஸ் கோப்பில் அவர் பிறந்த தேதியைப் பார்த்து, கேக் வாங்கி, எல்லாரையும் பாட வைத்து, கையில் கத்தியைக் கொடுத்தால், அது எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி தோணினபடி போட்ட தேதிமா, நான் என்னைக்குப் பொறந்தேன்னு எனக்கே தெரியாது என்கிறார். சொல்லிவிட்டு மூன்று துண்டு சாப்பிட்டார்.

பிறகு கார் பழுதாகி நின்றது. வேலைக்குத் தொழிற்சாலை பஸ்தான். தெப்ராவில் ஏறி, காலியாக இருந்த ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய செல்லம் அக்கா என் முன்னால் வந்து நின்றார். அவருடைய சீட்டு. ஒன்பது வருடமாக. எழுந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அது அய்யாவு அண்ணனுடையது. மற்ற காலி சீட்டுகள், இனிமேல் ஏறப்போகிறவர்களுடையவை. கம்பியைப் பிடித்து நின்றே போனேன். ஒவ்வொரு வளைவிலும் யார் மடியிலாவது விழுந்தேன்.

அன்றுதான் அவர்கள் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்கள்.

நான்காம் நாள் செல்லம் அக்கா தனக்கு முன்னால் இருந்த சீட்டைக் காட்டினார். ஜன்னல் முழுதாக மூடாது. ஸ்பிரிங் குத்தும். "இது யாருக்கும் வேணாம். நீ உக்காரு."

நனைந்துகொண்டே போகிறேன், மாமா. யாருக்குச் சர்க்கரை, யார் மருமகள் பேசுவதில்லை, எல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. நான் எதையும் கேட்பதில்லை. சொல்கிறார்கள்.

நேற்று நல்ல மழை. அக்கா பையிலிருந்து அந்த மாற்றப் பாரத்தை எடுத்தார். எட்டாக மடித்து என் ஜன்னல் இடுக்கில் செருகினார். "நீ போயிட்டா, வர்ற புது லீடருக்கு இந்த பஸ்ல சீட்டு எங்க இருக்கு?"

தண்ணீர் நின்றது.

ஆனாலும் தும்மல் நிற்கவில்லை. முதுகு வலி. ஒரு தலைவிக்கு இது அழகா? தயவுசெய்து இந்த வாரமே காரை முடித்துக் கொடுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் பட்டறை செழிக்கட்டும், என் காரால் மட்டுமல்ல, மற்ற கார்களாலும்.

அன்புடன்,
லோஷினி

பி.கு.: காரை முடித்துவிட்டாலும் யாரிடமும் சொல்லாதீர்கள். பஸ்ஸிலிருந்து யாராவது போன் செய்து கேட்டால், வழக்கம்போல "நாளைக்கு லா" என்று மட்டும் சொல்லுங்கள்.