சமதரை தேடிய கங்காணி

அட்டனில் பெரட்டுக் கங்காணியிடம் பேர் கொடுக்காமல் தப்பித்தவர் யாரும் கிடையாது. தேயிலைத் தோட்டத்தில் கங்காணி காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கல்யாணப் பந்தியில் எடுப்பார், பஸ் கிளம்பும் முன் எடுப்பார். ஒரு சாவு வீட்டில் செத்தவர் பேரையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

பஸ் நிலையத்துக்குக் கீழே என் போட்டோகொப்பி கடை. அங்கும் வந்து வரிசையில் நிற்பவர்களைக் கூப்பிடுவார். என் முறை வரும்போது நான் வாயே திறக்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைக்காரத் தம்பி இன்றைக்கு வரவில்லை என்று அறிவித்துவிடுவார்.

போன வருடம் ஜெர்மனியில் இருக்கும் மகன் அப்பா, அம்மா இருவரையும் அழைத்தான். லீவு ஒரு வாரம்தான், அதனால் ஒரே ஊர், அதை நீங்களே சொல்லுங்கள் என்றான். அன்றிலிருந்து என் கடையில் ஐரோப்பாவுக்கே பெரட்டு நடந்தது.

கணினியில் ஒவ்வொரு ஊராக நான் காட்ட வேண்டும். சுவிட்சர்லாந்து என்றேன்.

"மலையும் குளிரும் பாக்க பிளேன் ஏறணுமாங்க? கந்தப்பளைக்கு பஸ் இருக்கு" என்றார்.

ரோமின் படிக்கட்டுப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, விரல் வைத்து ஒவ்வொரு படியாக எண்ணிவிட்டு எழுந்து போய்விட்டார். வெனிஸில் தண்ணீரை அவர் கண்டுகொள்ளவே இல்லை; பாலத்துக்குப் பாலம் ஏறி இறங்க வேண்டுமே என்றார். எந்த ஊரானாலும் அங்கே ஏற்றமா, இறக்கமா என்ற ஒரே கேள்விதான். கடையில் எல்லோரும் சிரித்தோம். விசாவுக்கு நாள் நெருங்குகிறது என்று மகன் அங்கே தவித்துக்கொண்டிருந்தான். மனுசன் சரியான கஞ்சன், போகாமலிருக்கச் சாக்குத் தேடுகிறார் என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன்.

விசாவுக்குப் படம் எடுக்க ஒருநாள் மனைவியைக் கூட்டி வந்தார். கடைக்கு இறங்க நாலே படி. அந்த அம்மா பக்கவாட்டில் திரும்பி, கங்காணியின் தோளைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார். அவரைப் படம் எடுக்க உள்ளே உட்கார வைத்த பிறகு கங்காணி என் மேசைக்கு வந்தார். பெரட்டுக் குரல் எங்கோ போயிருந்தது.

"பொண்டாட்டிக்கு நல்ல எடமா குடுக்குறான்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு, செங்குத்தான மலையாப் பாத்து அவளுக்கே குடுத்தேங்க. முப்பது வருசம் அதுலதான் கொழுந்து எடுத்தா. ஒருநா கூட ஏன்னு கேக்கல. இப்ப ஏறி எறங்குனா முட்டி விடாது, தரையில நல்லா நடப்பா. ஒரு வாரமாவது நடக்கட்டுமேன்னுதான் பாக்குறேன்."

அன்று மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டுத் தேடினேன். ஹாலந்து அகப்பட்டது. அவர் படங்களைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் துழாவினார். ஒரு மேடும் தட்டுப்படவில்லை.

"இதுக்கே எழுதுங்க தம்பி" என்றார்.

அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். கால்வாய் ஓரமாக நீண்ட பாதை. அந்த அம்மா யார் தோளையும் பிடிக்காமல் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். வெகு பின்னாலிருந்து கங்காணி பெரட்டுக் குரலில் மாரியாயி என்று கூப்பிடுகிறார். அந்த அம்மா நிற்கவுமில்லை, திரும்பவுமில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார்.

இப்போதெல்லாம் கங்காணி என் கடையில் பெரட்டு எடுக்க ஆரம்பித்தால், என் பேர் வருவதற்கு முன்பே "இருக்கேங்க" என்று சொல்லிவிடுகிறேன்.