புகைக்கண்ணும் பதினோரு முட்டைகளும்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று ராஜாவாக இருந்தது. அது இந்தக் கதையில் வராது, சுற்றுப்பயணத்தில் இருந்தது. நிர்வாகத்தைக் கமிட்டி பார்த்துக்கொண்டது.

அந்தக் காட்டின் மூங்கில் சரிவில் பேச்சியம்மா என்ற காட்டுக்கோழி பதினோரு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டே நாளில் குஞ்சு பொரித்துவிடும். அதுவரை எழுந்து நிற்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புகையைப் பார்த்த விலங்கு கத்த வேண்டும். வேறு இரண்டு இனங்களும் சேர்ந்து கத்தினால்தான் யானைகள் தண்ணீரோடு வரும். ஒற்றைக் குரலை நம்பி ஓடிவந்து இரண்டு முறை ஏமாந்த யானைகள் அவை.

போன வருஷம் புகைக்கண் வந்தது. தேக்கு மரத்தில் மாட்டிய கருவி. புகை தெரிந்தால் பொறுப்பாளரின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும். அவர் 'ஆம்' என்று அமுக்கினால் யானைகளுக்கு மணி அடிக்கும். பொறுப்பாளர் யார் என்பதைக் கமிட்டி முடிவு செய்ய வேண்டும்.

கமிட்டித் தலைவர் கரடி ஏழு கூட்டம் போட்டு, "கருவிக்கு நேர் கீழே குடியிருப்பவரே பொறுப்பாளர்" என்று விதி எழுதினார். மை காய்வதற்குள் பறக்கும் புகைக்கண் வந்துவிட்டது. அதற்கு நேர் கீழே இருப்பவர் நிமிடத்துக்கு நிமிடம் மாறினார். விதியைத் திருத்த உட்கார்ந்தார்கள். அதற்குள் கருவியே போய், புகைக்கண் எல்லோருடைய செல்போனுக்குள்ளும் குடியேறிவிட்டது. களைத்துப்போன கரடி, "எல்லோரும் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேன் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலை சரிவின் அடியில் புகை எழுந்தது. புகைக்கண் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு செல்போன்களும் ஒன்றாக ஒலித்தன. 'தீ. பொறுப்பேற்கிறீர்களா? ஆம் / பிறகு.' இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் 'பிறகு' அமுக்கினார்கள்.

செல்போன் இல்லாத பேச்சியம்மா மட்டும் வழக்கப்படி கத்தினாள்.

"ஏன்க்கா இந்தக் கத்து கத்துறீங்க? அதான் மெசேஜ் வந்திருச்சே" என்றது குரங்கு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வந்துச்சுல்ல, ஆம்னு அமுக்க வேண்டியதுதானே?"

"நான் அமுக்கிட்டு, நாளைக்கு விசாரணைன்னா நான் போய் நிக்கவா? மான் அமுக்கும்."

"முயல் அமுக்கியிருக்கும்னுல நெனச்சேன்" என்றது மான்.

தீ பாதிச் சரிவு ஏறிவிட்டது. ஓரத்து முட்டையின் ஓடு சுட்டது. பேச்சியம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்:

"டவர்ல தீப்பிடிக்கப் போகுது. இனிமே ஒருத்தருக்கும் சிக்னல் கிடையாது."

குரங்கு அலறியது. மான் அலறியது. பிறந்ததிலிருந்து வாய் திறக்காத முயல்கூட அலறியது. மூன்று இனம் போதுமென்றிருந்த யானைகளுக்கு முப்பது இனத்தின் குரல் கேட்டது. ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. கூட்டுக்கு இரண்டு முழம் முன்னால் தீ அணைந்தது.

டவர் மலைக்கு அந்தப் பக்கம் சௌக்கியமாக நின்றுகொண்டிருந்தது.

கமிட்டி இந்த முறை அன்றைக்கே கூடியது. குறித்த நேரத்தில் தகவல் தந்த புகைக்கண்ணைப் பாராட்டியது. டவரைப் பற்றி வதந்தி பரப்பியதாகப் பேச்சியம்மாவிடம் விளக்கம் கேட்டது. 'பிறகு' அமுக்காத ஒரே பிரஜை என்பதால் அவளையே நிரந்தரப் பொறுப்பாளராகவும் நியமித்தது. நோட்டீஸ் அனுப்ப வசதியாக ஒரு செல்போனும் கொடுத்தது.

செல்போன் வந்து சேர்ந்தபோது பதினோரு குஞ்சுகளும் பசியில் கத்திக்கொண்டிருந்தன. 'விளக்கம் அளிக்கிறீர்களா? ஆம் / பிறகு' என்று திரை கேட்டது.

பேச்சியம்மா 'பிறகு' என்பதை அலகால் ஒரு கொத்துக் கொத்திவிட்டு, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கறையான் தேடக் கிளம்பினாள்.

நீதி: காடு எரிகிறது என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள், சிக்னல் போகப்போகிறது என்று சொல்லுங்கள், யானையே வரும்.