டைரோசினும் அத்தையின் சுண்ணாம்பும்

ஆராய்ச்சி மாணவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகிறவர்கள் முதலில் அவன் வாயைக் கட்ட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் என் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அப்போது சென்னையில் புரதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். (வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பாதி நேரம் குடுவை கழுவினேன்.) சகுந்தலாவைப் பெண் பார்க்க ஊருக்குக் கிளம்பிய அன்று, வலக்கை விரல்களில் நைட்ரிக் அமிலம் பட்டுவிட்டது. தோலின் புரதத்தில் டைரோசின் என்றொரு பொருள் உண்டு. அதில் அமிலம் பட்டால் அழுத்தமான மஞ்சள் ஏறும். தோல் உரிந்தால்தான் போகும்.

அந்தக் கையோடு காரைக்காலில் இறங்கி, அம்மாவுடன் நெடுங்காட்டுக்குப் போனேன். காப்பி டம்ளரை வாங்கியதுமே சகுந்தலாவின் அத்தை பார்த்துவிட்டார்.

“தம்பிக்கு நலங்கு வச்சாச்சா? எந்த ஊர்லங்க?”

கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசுவதுதான் நலங்கு. நான் சென்னையில் ரகசியமாகத் தாலி கட்டிவிட்டேன் என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை.

“இல்லீங்க, இது டைரோசினால...”

“அது யாரு? மெட்ராஸ் பொண்ணா?”

அத்தை வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பை எடுத்து என் விரலில் தடவினார். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எல்லோருக்கும் தெரியும். என் கறையும் செம்மஞ்சளாகும் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகித் தொலைத்தது.

“பாத்தீங்களா!” என்று அத்தை எழுந்தே விட்டார்.

அப்போதுதான் சகுந்தலா ஈரத் துண்டுடன் வந்தாள். “மஞ்சள்னா துணியில ஒட்டுமே அத்தை” என்று துண்டை என்னிடம் நீட்டினாள். “நல்லாத் துடைங்க.” துடைத்தேன். சுண்ணாம்பு மட்டும் வந்தது. அத்தை உட்கார்ந்தார்.

பிழைத்த மனிதன் சும்மா இருக்கலாமில்லையா? புரதம் ஒரு நீளச் சங்கிலி, அதில் டைரோசின் பல இடங்களில் இருக்கும் என்று பிரசங்கம் ஆரம்பித்தேன். அம்மா கிள்ளியும் நிறுத்தவில்லை.

சகுந்தலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அத்தனை டைரோசினுக்கும் ஒரே வேலைதானா? எந்த ஒண்ணைக் கெடுத்தா அந்தப் புரதம் வேலை செய்யாமப் போவும்?” என்றாள்.

எங்கள் பேராசிரியர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது! அதன் அருகில் வரவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அவளோ காப்பி ஆறுவதற்குள் வந்துவிட்டாள். அந்த நிமிஷம் அவள்மேல் எனக்குப் பயபக்தி வந்தது. காதல் பிறகு வந்தது.

“தெரியாதுங்க” என்றேன்.

“இவ்வளவு பேசினவரு, தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாரே” என்று உள்ளே போய்ச் சம்மதம் சொன்னாளாம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள்: “அப்பா பொண்ணு பாக்கப் போவலைங்க, பரீட்சைக்குப் போனாரு. ஃபெயிலானதாலதான் கல்யாணம் நடந்துச்சு!”